நாற்சந்தியில் காத்திருப்பவர்கள்

இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில், தங்கியிருந்த விடுதிக்கும் நூல்நிலையத்துக்கும் நடுவே அகன்ற சாலை ஒன்று குறுக்கிட்டது. நாள்தோறும் இருமுறையேனும் அதைக் கடந்தாக வேண்டும். பாதசாரிகளுக்கென்று குறித்த இடத்தில் ஒரு கம்பம் இருந்தது. கம்பத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ‘பொறுத்திருங்கள்’ என்னும் எழுத்துக்கள் ஒளிவிடும். பொறுத்திருந்தால், எதிர்ப்புறக் கம்பத்தில் நடக்கும் மனித உருவம் ஒன்று பச்சை நிறத்தில் தோன்றும். அது தோன்றியபின் நடக்கலாம்.

பனிக்கால மாலை ஒன்றில், ஊன்றுகோலும் சிறு பையுமாக மூதாட்டியார் ஒருவர் என் அருகே நின்றார். பச்சை உருவம் தோன்றியதும் இருவரும் நடக்கத் தொடங்கினோம். நான் அப்பொழுது வாலிபன். விரைவிலேயே மறுபுறம் சேர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அந்த அம்மையார் சாலையின் நடுவைத்தான் தாண்டியிருந்தார். பச்சை உருவம் மறைந்துவிட்டது. அவருக்கு அருகில் நின்ற காரை ஓட்டியவர் அவரைக் கண்டு காத்திருந்தார். அதற்கு அப்பால் நின்ற வண்டிக்காரருக்கு அவர் தெரியவில்லை, வண்டி புறப்பட்டுவிட்டது. பிரேக் கிறீச்சிட்டது. இரண்டு முழ தூரத்தில் வண்டி நின்றது. நான் ஓடிச் சென்று அவருடைய கையைப் பற்றி அழைத்து வந்தேன். நடைபாதையில் ஏறி, மூச்சு வாங்கியபின் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். மாலையில் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, பாலும் ரொட்டியும் வாங்கித் தருமாறு பக்கத்து வீட்டாரையே கேட்டுக்கொள்ளலாமா என்று சில நாட்களாக யோசிப்பதாகச் சொன்னார்.

மாணவ நண்பர்களே, அந்த நாற்சந்தியின் விளக்குகள் பழைய காலத்து விளக்குகள் அல்ல. எத்தனை வண்டிகள் வருகின்றன என்பதைத் தாமே அறிந்து, அதற்கேற்பத் தம் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் விளக்குகள் அவை. கால் மைலுக்கு அப்பால் வரும் காரை அறிந்த அந்த விளக்குக்கு, தன் காலடியில் நடந்த மூதாட்டி எப்படித் தெரியாமற் போனார்? அந்தக் கேள்விதான் என்னை இத்துறையிலே இழுத்துவிட்டது. அதற்கு நான் கண்ட விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சாலை விளக்கின் வரலாறு இலண்டனில் தொடங்குகிறது. 1868-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பார்லிமெண்டு மாளிகையின் அருகே உலகத்தின் முதல் சைகைக் கம்பம் நாட்டப்பட்டது. மோட்டார் வண்டி தோன்றாத காலம் அது. கூட்டமெல்லாம் குதிரை வண்டிகளால் ஆன கூட்டம். அதை வகுத்தவர் ஜான் பீக் நைட் என்னும் ரயில்வேக்காரர். ஆகவே கம்பமும் ரயில்வேக் கைகாட்டியின் சாயலிலேயே அமைந்தது. பகலில் கைகள் ஏறி இறங்கும். இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு எரியும். இயக்குவதற்கு ஒரு போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்பார். ஒரு மாதம் ஆவதற்குள், 1869 ஜனவரியில், வாயு கசிந்து விளக்கு வெடித்துப் போலீஸ்காரர் காயமுற்றார். அத்துடன் அந்த முயற்சி நின்றுபோயிற்று. மின்சார விளக்கு வருவதற்கு 1914 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அது அமெரிக்காவிலே, கிளீவ்லாந்து நகரத்தில் எரிந்தது.

இந்த விளக்குகளெல்லாம் கண்ணில்லாத விளக்குகள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் மாறும், அல்லது ஒருவர் கையால் மாற்றுவார். விளக்குக்குப் புலன் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பிறந்தபோது முதலில் கொடுத்தது காது. 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் சார்லஸ் அட்லர் என்பவர் ஒரு விளக்கை அமைத்தார். குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டிக்காரர் நின்று ஹார்னை ஒலித்தால், கம்பத்திலிருந்த ஒலிவாங்கி அதைக் கேட்டு விளக்கை மாற்றும். அண்டை வீட்டாரின் தூக்கம் என்ன ஆயிற்று என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்! சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்த விளக்கிடம் முறையிடுவதற்கு ஒரு ஹார்ன் தேவைப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்து வருபவரிடம் ஹார்ன் ஏது?

காதுக்குப் பின் வந்தது தொடுவுணர்ச்சி. 1932-இல் இலண்டனில் கார்ன்ஹில் சந்தியில் வண்டிகளால் இயங்கும் விளக்குகள் வந்தன. விசித்திரம் என்னவென்றால், அவற்றையும் ஒரு வாயு வெடிப்பே அழித்தது.

இனி விளக்கின் மூளைக்கு வருவோம். நாற்சந்தியில் ஒரு சுற்று என்பது, எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை காட்டி முடிக்கும் நேரம். சுற்று எவ்வளவு நீளமாக இருக்கவேண்டும்? மிகக் குறுகியதாக இருந்தால் நஷ்டம் உண்டு. ஏனெனில் ஒவ்வொரு முறை விளக்கு மாறும்போதும், நின்ற வண்டி புறப்படுவதற்கும் ஓடும் வண்டி நிற்பதற்கும் சில விநாடிகள் வீணாகின்றன. மிக நீண்டதாக இருந்தாலும் நஷ்டமே. ஆளில்லாத பக்கத்துக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கும். 1958-இல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எப். வி. வெப்ஸ்டர் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். வீணாகும் விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி, 5 கூட்டவேண்டும். அதை, ஒன்றிலிருந்து சந்தியின் நெரிசலைக் கழித்துவரும் மிச்சத்தால் வகுக்கவேண்டும். நெரிசல் என்று நான் சொல்வது, சாலை விடக்கூடிய மிகுதியான வண்டிகளில் எத்தனை பங்கு வந்து சேர்கிறது என்னும் பின்னம். வீணாவது 10 விநாடி, நெரிசல் 0.6 என்றால் சுற்று 50 விநாடி. நெரிசல் 0.8 ஆனால் 100 விநாடி. 0.9 ஆகிவிட்டால் 200 விநாடி! காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கார்கள் பெருகப் பெருகச் சுற்று நீளுகிறது. சுற்று நீள நீள, ஓரத்தில் நிற்கும் பாதசாரியின் காத்திருப்பும் நீளுகிறது. இந்த இரண்டாவது விளைவைப் பற்றிச் சூத்திரம் வாய் திறப்பதில்லை. அது வண்டிகளின் தாமதத்தைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்டது.

வெப்ஸ்டரின் சூத்திரத்தைக்கொண்டு காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று அட்டவணைகள் தயாரித்தார்கள். ஆனால் ஊர் அட்டவணைப்படி நடப்பதில்லை. மழை பெய்கிறது, பந்தாட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் வெளிவருகிறார்கள், ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. 1970-களில் அதே ஆராய்ச்சிக் கூடத்தினர் கிளாஸ்கோ நகரத்தில் சோதித்து உருவாக்கிய முறைக்கு ‘ஸ்கூட்’ என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தார் ‘ஸ்காட்ஸ்’ என்னும் வேறொரு முறையை அமைத்தார்கள். இலண்டன் தழுவிக்கொண்டது ஸ்கூட் முறையை.

அது வேலை செய்யும் விதம் அழகானது. சந்திக்கு வெகுதூரம் முன்பாகவே சாலையின் மேற்பரப்பைக் கீறி, உள்ளே கம்பிச்சுருள் ஒன்றைப் புதைத்து வைக்கிறார்கள். அதில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். மேலே இரும்பு வண்டி வந்தால் சுருளின் மின்குணம் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கணிப்பொறி ஒரு விநாடிக்கு நான்கு முறை கேட்டறிகிறது. இவ்வளவு வண்டிகள் கடந்தன, இத்தனை விநாடியில் சந்தியை அடையும், இப்பொழுது சிவப்பு எரிவதால் இத்தனை நீளத்துக்கு வரிசை நிற்கும் என்று மனக்கணக்குப் போடுகிறது. பச்சையை மாற்றுவதற்குச் சில விநாடிகளுக்கு முன், அதை நான்கு விநாடி முன்தள்ளலாமா, பின்தள்ளலாமா, அப்படியே விடலாமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறது. பெரிய மாறுதல் எதையும் ஒரேயடியாகச் செய்வதில்லை. குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சுவை பார்க்கும் சமையற்காரரைப்போல, சுற்றுக்குச் சுற்று சில விநாடிகளை நகர்த்துகிறது. நன்றாகத் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டாலும், இம்முறையால் வண்டிகளின் தாமதம் நூற்றுக்குச் சுமார் 12 குறைகிறது என்று கண்டார்கள். நாள் முழுவதும் ஒரு பெரிய நகரத்தில் அது எத்தனை மனித மணிகள், எத்தனை பெட்ரோல்! சாலையே நிரம்பி வழியும் நேரத்தில் மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. விளக்கால் இடத்தைப் பங்கிட முடியும். இடத்தை உண்டாக்க முடியாது.

என் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. புதைத்த கம்பிச்சுருள் உலோகத்தை உணர்கிறது. மூதாட்டியாரின் ஊன்றுகோல் மரம். அவருடைய உடல் சதை. கணிப்பொறியைப் பொறுத்த மட்டில் அவர் ஒரு பொத்தான் அமுக்கலே ஆவார். பொத்தானை ஒருவர் அமுக்கினாலும், பின்னால் ஐம்பது பேர் வந்து நின்றாலும் அதற்கு ஒன்றே. யந்திரம் இரக்கமற்றது என்று அந்த மாலையில் நான் மனத்துக்குள் வைதேன். அது தவறு. எண்ணச் சொன்னதை யந்திரம் ஒழுங்காக எண்ணிற்று. எதை எண்ணவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் என்னைப் போன்ற எஞ்சினீயர்கள்.

ஒருவர் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் தரவேண்டும்? பிரிட்டனில் பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொண்டு கணக்கிட்டார்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்கு 10 விநாடி. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரின் நடையை அளந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி வேகம் ஆண்களுக்கு விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர் என்று அது கண்டது. 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 10 விநாடியில் 8 மீட்டர்தான் சென்றிருப்பார். மீதி 4 மீட்டரில், அதாவது ஒரு வண்டித் தடத்தைவிடச் சற்று அதிகமான இடத்தில், அவர் நடந்துகொண்டிருக்கும்போது நேரம் தீர்ந்துவிடுகிறது. என் மூதாட்டியார் நின்றதும் ஏறத்தாழ அந்த இடத்திலேதான்.

அப்படியானால் எல்லோருக்கும் 5 விநாடி கூட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எளிதான காரியம் அன்று. சுற்று 90 விநாடி என்றால் மணிக்கு 40 சுற்றுக்கள். ஒவ்வொன்றிலும் 5 விநாடி என்றால், மணிக்கு 200 விநாடி. மூன்று நிமிஷத்துக்கு மேல். யாருமே கடக்காத சுற்றிலும் அந்த 5 விநாடி போகும். அந்த வரிசையில் ஆம்புலன்ஸ் வண்டியும் நிற்கலாம், அறுபது பேரை ஏற்றிய பஸ்ஸும் நிற்கலாம். இந்தச் சங்கடத்தை 1990-களில் ‘பஃபின்’ என்னும் புதுவகைக் கடவை ஓரளவு தீர்த்தது. அதன் கம்பத்தின் மேல் உள்ள உணரி, சாலையில் இன்னும் எவரேனும் நடக்கிறாரா என்று பார்க்கும். நடந்துகொண்டிருந்தால் வண்டிகளுக்குச் சிவப்பையே நீட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடும். தேவைப்படுபவருக்குத் தேவைப்பட்ட அளவு, அவ்வளவே.

விளக்கைப் பற்றி இவ்வளவு சொன்னபின், வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூதாட்டியாரை நோக்கிப் புறப்பட்ட வண்டி அப்பொழுதுதான் நகரத் தொடங்கியிருந்தது. அதனால்தான் இரண்டு முழ தூரத்தில் நிற்க முடிந்தது. அது வேகமாக வந்துகொண்டிருந்த வண்டியாக இருந்தால்?

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சாலை விதிப் புத்தகத்தில் ஒரு பட்டியல் உண்டு. மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுபவர் அபாயத்தை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் 6 மீட்டர் ஓடும். மிதித்தபின் 6 மீட்டரில் நிற்கும். ஆக 12 மீட்டர். 30 மைல் வேகமானால் உணர்வதற்குள் 9 மீட்டர், மிதித்தபின் 14. ஆக 23 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு படி போவோம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்று 20 மைல், மற்றொன்று 30. இரண்டு ஓட்டிகளும் ஒரே கணத்தில் 12 மீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தையைக் காண்கிறார்கள். முதல் கார் குழந்தையின் முன்னே நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் அந்த இடத்தை அடையும்போது, பிரேக் பிடித்து 3 மீட்டர்தான் ஆகியிருக்கும். பௌதிகம் படிப்பவர்கள் அப்பொழுது அதன் வேகம் என்ன என்று கணக்கிடலாம்: மணிக்கு 26 மைலுக்கு மேல். சற்றுக் குறைந்த வேகத்தில் மோதும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். ஏறக்குறைய முழு வேகத்திலேயே மோதுகிறது.

பிரிட்டனில் 1930-இல் கார்களுக்கான வேக வரம்பை எடுத்துவிட்டார்கள். 1934-இல் மட்டும் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். 1935 மார்ச்சில் ஊர்களுக்குள் 30 மைல் என்ற வரம்பு வந்தது. இலண்டனின் மத்தியப் பகுதியில், நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பிலுள்ள சாலைகளில் 2020 மார்ச்சில் அது 20 மைலாகக் குறைந்தது. ஊரே நின்றுவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் 2010-களின் பிற்பகுதியில் மத்திய இலண்டனில் பகல்வேளைச் சராசரி வேகம் மணிக்கு 8 மைலை ஒட்டியே இருந்தது! இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு நடுவே 30 மைலுக்குப் பாய்ந்து, அடுத்த சிவப்பில் நின்று பெருமூச்சு விடுவதுதான் அங்கே வேகம் எனப்பட்டது. புதிய வரம்பு வந்த சாலைகளில் விபத்துக்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2023-இல் நிர்வாகம் அறிவித்தது.

வேக வரம்பைப் பலகையில் எழுதினால் எல்லோரும் கேட்டுவிடுவார்களா? மாட்டார்கள். இங்கேதான் விளக்கும் வேகமும் கைகோத்துக்கொள்ள முடியும். 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு சந்திகள் இருக்கின்றன. முதற்சந்தியில் பச்சை வந்து 45 விநாடிக்குப் பின் அடுத்த சந்தியில் பச்சை வரும்படி அமைத்துவிடுவோம். 20 மைல் வேகத்தில் வருபவர் சரியாக 45 விநாடியில் வந்து நிற்காமலே போவார். 30 மைலில் பறந்து வந்தவர் 30 விநாடியில் வந்துவிட்டு, 15 விநாடி சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு நாள் இப்படி நின்றபின் ஐந்தாம் நாள் எதற்காகப் பறப்பார்? போலீஸ்காரரும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். பச்சை அலை என்று இதற்குப் பெயர். கோபன்ஹேகன் நகரத்தில் சைக்கிள்காரர்களுக்காகவே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அலையை ஓடவிட்டார்கள்.

மனிதனை எண்ணக் கற்றுக்கொடுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. 2014-இல் இலண்டனில், கடப்பதற்குக் காத்திருப்பவர்களின் தொகையைக் காமிராவால் அறிந்து, கூட்டம் மிகுந்தால் அவர்களுக்குப் பச்சையை நீட்டும் முறையைச் சோதிக்கப் போவதாக அறிவித்தார்கள். ஸ்கூட்டின் கணக்கில் பாதசாரியும் ஓர் எண்ணாக இடம்பெற்றார். பிறகு, 2021-இல், 18 இடங்களில் இன்னும் துணிவான ஒரு காரியத்தைச் செய்தார்கள். அந்த இடங்களில் பாதசாரிக்கு எப்பொழுதும் பச்சையே எரிந்துகொண்டிருக்கும். வண்டி ஏதேனும் வந்தால், சாலையிலுள்ள உணரி அதை அறிந்து, பாதசாரிக்குச் சிவப்பைக் காட்டி வண்டிக்கு வழிவிடும். வண்டி போனபின் மறுபடி பச்சை. வண்டிகளுக்கு இதனால் குறிப்பிடத்தக்க தாமதம் நேரவில்லை என்று கண்டார்கள். அங்கே காத்திருந்து அனுமதி பெறவேண்டியவர் காரில் இருப்பவர்.

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். பள்ளி மைதானத்தில் 12 மீட்டர் தூரத்தை அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். சாலையில் வேண்டாம், மைதானத்திலேயே செய்யுங்கள். உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ அழைத்து வந்து, அவசரப்படுத்தாமல், அவர்கள் வழக்கமாக நடக்கும் நடையில் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நடக்கச் சொல்லுங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரில் விளக்குள்ள சந்தி ஒன்றில், நடைபாதையில் நின்றபடியே, பாதசாரிக்கு எத்தனை விநாடி தருகிறார்கள் என்று எண்ணுங்கள்; சாலையின் அகலத்தையும் கண்ணளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்களையும் ஊர்ப் பெயரையும் ஒரு கார்டில் எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினால், அடுத்த முறை பேசும்போது அந்தக் கார்டுகளிலிருந்தே தொடங்குகிறேன்.